பாபிகிரின் மூன்றாவது சத்தியம்

வந்தவனை உட்காரவைக்க நூறு வழி இருக்கிறது. கையைப் பிடிக்கலாம், கெஞ்சலாம், செருப்பை எடுத்து ஒளித்து வைக்கலாம். எங்கள் நைல் கரை ஆம்பிளைகளுக்கு அதெல்லாம் போதாது. "நீ சாப்பிடாமப் போனா என் பொண்டாட்டிக்குத் தலாக்" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்கள். விருந்தாளி பதறிப்போய் உட்காருவான், தின்பான், ஏப்பம் விட்டுக் கிளம்புவான். அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் பெண்டாட்டிக்குத் தன்னைப் பந்தயம் கட்டியதும் தெரியாது, ஜெயித்ததும் தெரியாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை வெறும் வாய்ப்பேச்சுதான். அந்த மிச்சம் ஒன்றில் இரண்டு முறை மாட்டிக்கொண்ட மகாராஜன் எங்கள் பாபிகிர்.

மூன்றாம் முறை அவரை மாட்டவைத்தவன் மாஸின் என்கிற எகிப்துப் பையன். ஸகாஸிக் ஊர்க்காரன், இருபத்தாறு வயது, முதுகில் ஆள் உயரத்துக்கு ஒரு பை. ஐந்து மாதம் முன்னால் இதே வழியாகத்தான் தெற்கே போயிருந்தான். எங்கள் சூடான் எல்லையில் ஹல்ஃபாவில் கப்பல் இறங்கி, பாலைவனத்தைத் தாண்டி, ஹபஷா என்று நாங்கள் சொல்லும் எத்தியோப்பியாவின் மலை ஏறி இறங்கி, கென்யாவின் புல்வெளி வரைக்கும். விமானம் என்றால் அவன் கண்ணால் பார்த்ததோடு சரி. லாரி, லாரி, லாரிதான். மார்ஸபித்துக்கு மாட்டு லாரியின் கம்பியில் தொங்கிக்கொண்டு போனான். கீழே மாடுகள், மேலே இவன், இரண்டு நாளும் ஒரே புழுதி. மசூதியில் படுத்தான், போலீஸ் சாவடியில் படுத்தான், கெதாரிஃபில் எள்ளு மூட்டை மேல் படுத்துக் காதெல்லாம் எள்ளு. ஒரு வேளை ரொட்டியும் டீயும், மறுவேளை வெறும் டீ. அப்படி வாயைக் கட்டித்தான் அத்தனை தூரம் போக முடிந்தது.

காசில்லாதது கூட அவனுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது, அதுதான் அவன் வியாதி. மார்ஸபித்தில் ஒரு டீக்கடைக்காரர் ஒரு வாரம் இருந்துவிட்டுப் போ, கடைக்கு ஒத்தாசையாக இரு என்று சோறு போட்டார். மறுநாள் காலை அவர் தொழுதுவிட்டு வருவதற்குள் இவன் லாரி ஏறிவிட்டான். அந்தக் கடைக்காரர் வந்து பார்த்து என்ன நினைத்திருப்பார் என்று இவனுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டியதும் இல்லை. வழிப்போக்கனுக்கு உள்ள பெரிய சௌகரியமே அதுதான். விட்டுவந்த ஊரில் என்ன நடக்கிறது என்று பார்க்கும் வேலை அவனுக்குக் கிடையாது.

இப்போது அவன் திரும்பி வந்துகொண்டிருந்தது ஊர் ஏக்கத்தால் அல்ல. சட்டைப்பையில் ஒரு தாள் இருந்தது. பட்டாளச் சேவை இன்னும் முடிக்காத பையன் வெளிநாடு போக அரசாங்கம் கொடுத்த அனுமதித் தாள். வியாழக்கிழமைக்குள் எகிப்து மண்ணில் கால் வைக்க வேண்டும் என்று முத்திரை குத்தியிருந்தது. தவறினால் ஓடிப்போனவன் பட்டியலில் பேர் ஏறும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள், முப்பது வயது தாண்டும் வரை எல்லையை எட்டிப்பார்க்க முடியாது. மாஸினுக்கு அதைவிட ஜெயில் தேவலை. ஹல்ஃபாவிலிருந்து அஸ்வானுக்கு வாரம் ஒரே கப்பல், புதன்கிழமை சாயங்காலம். தரைவழி திறக்காத காலம் அது. புதனை விட்டால் அடுத்த புதன்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், அப்ரிக்குத் தெற்கே எங்கள் ஊர் விலக்கில், அவன் வந்த லாரி அச்சு முறிந்து உட்கார்ந்துவிட்டது. டிரைவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, மூன்று நாள் ஆகும் என்று சொல்லி, நிழலில் பாயை விரித்துத் தூங்கப் போய்விட்டான். மாஸின் ரோட்டோரம் நின்றான், உட்கார்ந்தான், மறுபடி நின்றான். எதிரே பாபிகிரின் கடை. டீசல் பீப்பாயும் சோப்பும் சர்க்கரையும் விற்கிற கடை. வெயிலில் ஒரு பிள்ளை இப்படிக் கால் மாற்றிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு பாபிகிர் சும்மா இருப்பாரா? கையைப் பிடித்துத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப்போனார். ஹல்ஃபா கப்பலுக்குப் போகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு ஃபிக்ரியின் பிக்கப் விடியற்காலை கிளம்பும், அதில் போகலாம், இன்றைக்கு நீ என் விருந்தாளி என்றார்.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. நல்லெண்ணெய் ஊற்றிய மொச்சை, வெங்காயம், ரொட்டி. பாபிகிரின் மனைவி ஸித்தானா உடம்பைச் சுற்றியிருந்த தோப் சேலையின் முனையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். மாஸின் மூன்று நாள் பசியைத் தீர்த்துக்கொண்டான். வயிறு நிறைந்தால் வாய் சும்மா இருக்காது. வழிக் கதைகளை எடுத்துவிட்டான். அதில் ஒரு கதை, ஹபஷாவின் தெற்குப் பக்கம் போரானா மாட்டுக்காரர் ஒருவர், முன்பின் தெரியாத இவனுக்காகத் தன் கிடாவை அறுத்துப் போட்டது. சொன்னவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கேட்டவருக்கு முகம் கறுத்துவிட்டது.

ஹபஷாக்காரன் ஆடு அறுத்தான், நைல் கரைக்காரன் மொச்சை போட்டான் என்று நாளைக்கு இவன் அஸ்வானில் போய்ச் சொல்லுவானே. பாபிகிருக்கு அந்த நினைப்பையே தாங்க முடியவில்லை. எழுந்து நின்றார், கையை நீட்டினார், முற்றத்தில் இருந்த நாலு பேர் சாட்சியாக ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"என் ஆட்டுக்கறி உன் தொண்டையில எறங்காம நீ இந்த நாட்ட விட்டுப் போனா, என் பொண்டாட்டிக்குத் தலாக்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாஸினுக்குப் பயம் எதுவும் இல்லை. சூடானில் இந்தச் சத்தியத்தை அவன் வழிநெடுகக் கேட்டவன்தான். சரி அண்ணே, ராத்திரி சாப்பிட்டுவிட்டுக் காலையில் போகிறேன் என்றான். பாபிகிரும் அப்படித்தான் நினைத்தார். அவருடைய ஆடுகள் ஆற்றுக்கு அக்கரையில் தம்பியின் பட்டியில் இருந்தன. மோட்டார் படகில் போய் ஓட்டிவந்தால் ஒரு மணி நேரம். ஆள் அனுப்பினார். போன ஆள் வெறுங்கையை வீசிக்கொண்டு திரும்பிவந்தான். படகுக்காரன் மேலூரில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருக்கிறானாம். படகையும் கொண்டுபோய்விட்டானாம். காலையில்தான் வருவானாம்.

பக்கத்து வீட்டுக்காரர் என் ஆட்டைப் பிடித்துக்கொள் என்றார். முடியாது, 'என் ஆடு' என்று சொல்லிவிட்டேனே என்றார் பாபிகிர். விலைக்கு வாங்கிக்கொள், அப்போது உன் ஆடுதானே என்றார் இன்னொருவர். அப்ரியில் இருக்கும் பெரியவர் ஷேக்குக்குப் போன் போட்டார்கள். அவர் தீர யோசித்துவிட்டு, சத்தியம் செய்த நேரத்தில் எது உன் ஆடோ அதுதான் கணக்கு என்றார். கார்த்தூமில் படித்துவிட்டு வந்த பள்ளிவாசல் இமாம், மனசில் நினைக்காமல் வாய்தவறிச் சொன்னது செல்லாது, பேசாமல் போய்ப் படுங்கள் என்று சொல்லிப் பார்த்தார். பாபிகிருக்கு அந்த இமாமின் தாடி போதவில்லை. கோழி என்று சொல்லித் தொலைத்திருந்தாலாவது முற்றத்திலேயே நான்கு திரிந்தன.

மாஸினுக்குக் கால் நிற்கவில்லை. கடைத்திண்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தான். பிக்கப் ஓட்டும் ஃபிக்ரி அங்கே டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். காலையில் எனக்கு ஓர் இடம் வை என்று மாஸின் சொன்னதும் ஃபிக்ரி பம்பை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தான். விஷயம் தெரியாதா உனக்கு என்று அவன்தான் எல்லாவற்றையும் சொன்னான். ஏழு வருடம் முன்னால் ஒரு மாட்டு டாக்டர், சாப்பாடு வருவதற்குள் ஜீப் வந்துவிட்டது என்று ஓடிவிட்டார், அது ஒன்று. மூன்று வருடம் முன்னால் ஒரு பஸ் டிரைவர், பயணிகள் ஹார்ன் அடித்துக் கத்தினார்கள் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான், அது இரண்டு. இரண்டு தடவையும் ஸித்தானா அத்பராவில் பிறந்த வீட்டுக்குப் போனாள், இரண்டு தடவையும் பெரியவர்கள் பேசிச் சேர்த்துவைத்தார்கள்.

"மூணாவது ஆச்சுன்னா சேத்து வைக்கவும் வழி கெடையாது, பாத்துக்க. அந்தப் பாவம் என் வண்டியில ஏற வேணாம்," என்றான் ஃபிக்ரி. "நீ போயிடுவ. நான் இந்த ஊர்லதான் டீசல் போட்டாகணும்."

மாஸின் முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் வந்து விழுந்தான். சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தான், மடித்து வைத்தான், மறுபடி எடுத்தான். என்னடா இது, சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தின் தலையெழுத்தைக் கொண்டுவந்து நம் வயிற்றில் கட்டிவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. பாபிகிர் மேல் கோபம், போரானாக் கதையைச் சொன்ன தன் வாய் மேல் அதைவிடக் கோபம். இருந்தால் கப்பல் போகும், கப்பல் போனால் பாஸ்போர்ட் போகும். நாலு வருடம் ஸகாஸிக்கில் மாமாவின் செருப்புக் கடையில் அட்டைப்பெட்டி அடுக்க வேண்டியதுதான். அந்தக் கடையின் ரப்பர் வாசனை இங்கேயே மூக்கில் வந்து ஏறியது. போனாலோ ஒரு பொம்பளையின் வாழ்க்கை. மனசாட்சி உள்ளவன் இருக்கத்தான் வேண்டும். இருக்கலாம் என்று முடிவு பண்ணினான். முடிவு பண்ணின பிறகும் விரல்கள் பையின் வாரை இறுக்கிக்கொண்டே இருந்தன.

விடியும் நேரத்தில் பாபிகிர் ஆற்றுக்குக் கிளம்பிவிட்டார். மோட்டார் படகு வரும்வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. யாரோ ஒருவரின் ஓட்டை மீன்படகைத் தானே துடுப்புப் போட்டு அக்கரைக்கு ஓட்டிப் போனார். நல்ல மனுஷன்தான், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் போய், ஆட்டைப் பிடித்து, எதிர் நீரோட்டத்தில் திரும்பிவந்து, அறுத்து, உரித்து, வேகவைத்து முடிக்க உச்சிப்பொழுதாகிவிடும். ஃபிக்ரியின் பிக்கப் இன்னும் கால் மணியில் கிளம்பும். விலக்கில் ஹார்ன் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது.

மாஸின் கட்டிலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஸித்தானா வந்தாள். கையில் இஞ்சி தட்டிப்போட்ட காபி. நாற்பதைத் தாண்டியவள், நெடிய உடம்பு, அத்பரா மாதிரி ரயில்வே ஊரில் வளர்ந்தவளுக்குள்ள நிமிர்ந்த நடை. காபியைக் கொடுத்துவிட்டு அவள் போகவில்லை.

"நான் போக மாட்டேன் அக்கா," என்றான் மாஸின், அவள் கெஞ்சுவதற்கு முன்னால் தானே சொல்லிவிடலாம் என்று. "நீங்க பயப்படாதீங்க."

"காபியக் குடிச்சிட்டுக் கெளம்பு," என்றாள் அவள். "ஃபிக்ரிகிட்ட நான் சொல்லிட்டேன். வண்டி நிக்கிது."

அவனுக்குப் புரியவில்லை. போனால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டான். ஷேக்கு போனில் சொன்னதை அடுப்படியிலிருந்து முழுசாகக் கேட்டேன் என்றாள்.

"உங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு நான் எப்படி அக்கா…"

"மொச்சதான தின்ன. கறி தின்னலியே, அதானே இப்ப சங்கதி." அவள் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வெளியே ஹார்ன் அடித்தது, அவள் அவசரப்படவில்லை. "மொதத் தடவ எங்கப்பா பேசினாரு. ரெண்டாந்தடவ என் தம்பி பேசினான். ரெண்டு தடவையும் பத்து ஆம்பளைங்க உக்காந்து காபி குடிச்சாங்க. காபி போட்டது நான். எனக்குத் திரும்பி வர இஷ்டமான்னு ஒருத்தன் கேக்கல. இவரும் கேக்கல. மூணாவதுன்னு ஒண்ணு ஆயிட்டா எவன் வந்து உக்காந்தாலும் பேசறதுக்கு ஒண்ணுமில்ல. அது ஒண்ணுதான் தம்பி எனக்கு இருக்கிற வாசல்."

அடிப்பாரா, உதைப்பாரா என்று மாஸின் தயங்கித் தயங்கிக் கேட்டான். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனுஷன் என்றாள். ஒரே மகன் ஜித்தாவில் வேலைக்குப் போய்விட்டானாம். அத்பராவில் அக்காள் தையல் கடை வைத்திருக்கிறாளாம், வா வா என்று ஐந்து வருடமாகக் கூப்பிடுகிறாளாம். போய்விட்டு வருகிறேன் என்று கேட்டபோதெல்லாம், விருந்தாளி வந்தால் யார் பார்ப்பது என்று பாபிகிர் சொல்லிவிடுவாராம்.

"வர்றவன் போறவன் எல்லாருக்கும் என்னத் தூக்கிப் பணயம் வைக்கிறாரு," என்றாள் எழுந்துகொண்டே. "மாட்டு டாக்டருக்கு, பஸ் டிரைவருக்கு, இப்ப உனக்கு. போ. எனக்காக உக்காந்திருக்கேன்னு மட்டும் சொல்லாத, எனக்குக் கோவம் வரும்."

மாஸின் போனான். காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். ஃபிக்ரி அவன் முகத்தைப் பார்க்காமல் பின்பக்கம் கையைக் காட்டினான். என்னையும் சேர்த்துப் பதினாலு பேரும் நாலு கூடைப் பேரீச்சையும் ஏறிய பிக்கப்பில் இடம் பிடித்துக் கால் நீட்டின பிறகுதான் மாஸினுக்கு மூச்சே வந்தது. வந்த மூச்சு நிம்மதியாக இல்லை. இத்தனை மாதத்தில் ஓர் ஊரை விட்டுக் கிளம்பினால் நாலாவது மைலில் அந்த ஊர் மறந்துபோகும். அன்றைக்கு நாற்பதாவது மைலிலும் அந்தப் பாதிக் காபி தொண்டையிலேயே நின்றது. மற்றவர்கள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஒரு கிழவர் மட்டும் அவன் பக்கம் குனிந்து, கொஞ்சம் கறி தின்றுவிட்டு வந்திருக்கலாமே தம்பி என்று வருத்தமாகச் சொன்னார். சமைக்கவே இல்லையே என்றான் இவன். அதுவும் சரிதான் என்றார் அவர்.

நைல் அணை ஏரிக்கரையில், ஹல்ஃபா துறைமுகத்தில் வழக்கம்போல ஒரே களேபரம். மெத்தை, மின்விசிறி, கருவாட்டுப் பெட்டி, அழுகிற குழந்தைகள். சீட்டு வாங்க ஒரு வரிசை, சுங்கத்துக்கு ஒரு வரிசை, முத்திரைக்கு ஒரு வரிசை. முத்திரை குத்திக் கம்பிக் கதவைத் தாண்டிவிட்டால் சூடானை விட்டுப் போனதாகக் கணக்கு, திரும்ப விடமாட்டார்கள். வெயில் சாய ஆரம்பித்தபோது மாஸினுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். தாளும் பாஸ்போர்ட்டும் கையில் நனைந்துவிட்டிருந்தன. ஏழு பேர். ஆறு பேர்.

அப்போதுதான் பின்னாலிருந்து அவன் பேர் கேட்டது. பாபிகிர் வந்துகொண்டிருந்தார். ஜல்லாபியா அங்கியெல்லாம் ரத்தமும் சேறும், தலைப்பாகை அவிழ்ந்து கழுத்தில் கிடந்தது. யாருடைய பிக்கப்பையோ வாங்கி, இருநூறு கிலோமீட்டரை எப்படி ஓட்டினாரோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். வண்டியின் முன் இருக்கையில் ஸித்தானா, மடியில் துணி சுற்றிய பானை. பானை கவிழாமல் பிடிக்க ஒரு மடி வேண்டுமே, அதற்காக அவளையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். இந்த மனுஷனை என்ன சொல்லித் திட்டுவது?

அவர் பானையை வாங்கிக்கொண்டு ஓடிவந்து மூடியைத் திறந்தார். ஈரலும் தொடைக்கறியும், பாதி வெந்தும் பாதி வேகாமலும். ஒரு துண்டை எடுத்து மாஸினின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"ஒரே ஒரு வாய் தம்பி. நீ ஒண்ணும் கெட்டுப்போக மாட்ட. ஒரு வாய் முழுங்கிட்டுப் போயிடு."

வரிசை கலைந்து கூட்டம் கூடிவிட்டது. சுமைகூலிகள் மெத்தைகளை இறக்கிவைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். தின்னுடா, தின்றுவிட்டுப் போயேன், எகிப்துக்காரனுக்குச் சூடான் கறி இறங்காதோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். உள்ளேயிருந்து முத்திரைக்காரர் அடுத்தவன் யார் என்று கத்தினார். கப்பல் முதல் சங்கு ஊதியது.

ஒரு வாய்தான். வாயைத் திறந்தால் போதும். மாஸினுக்கு அது எவ்வளவு சுலபம் என்று நன்றாகத் தெரிந்தது. பாபிகிரின் கண்ணில் தண்ணீர் நின்றது, பொய்த் தண்ணீர் இல்லை. அவன் வண்டியைப் பார்த்தான். ஸித்தானா அவனைப் பார்க்கவில்லை, கண்ணால் சாடை காட்டவில்லை, தலையை ஆட்டவில்லை. ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் விடியற்காலையில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டாள். இனி அவன் பாடு.

மாஸின் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினான்.

"அண்ணே, இத ஏன் என்கிட்ட கேக்குறீங்க? அக்காகிட்ட கேளுங்க."

"அவகிட்ட என்னத்தக் கேக்குறது?" என்றார் பாபிகிர். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. ஷேக்கிடம் கேட்டிருந்தார், இமாமிடம் கேட்டிருந்தார், படகு வைத்திருந்தவனிடம் கேட்டிருந்தார், அறுக்கும்போது கத்தி பிடித்தவனிடம்கூட இது போதுமா என்று கேட்டிருந்தார். கறித்துண்டைப் பிடித்த கையோடு அப்படியே வண்டிப் பக்கம் திரும்பினார். கூட்டமும் திரும்பியது. இவனிடம் நீ ஒரு வார்த்தை சொல்லேன் என்று ஆரம்பித்து அதை முடிக்காமல் விட்டார். பிறகு, சத்தியம் கித்தியம் எதுவும் இல்லாமல், ஊரில் யாரும் அவரிடம் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்.

"ஸித்தானா, நீ… என்கூட இருக்கியா?"

ஸித்தானா வண்டியிலிருந்து இறங்கினாள். தோப் சேலையைத் தோளில் சரியாக எடுத்துப் போட்டுக்கொண்டு நடந்து வந்தாள். கூட்டம் வழிவிட்டது. அவருக்கு முன்னால் நின்று அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் விரலிலிருந்த கறித்துண்டை வாங்கிப் பானைக்குள் போட்டாள். மூடினாள். துணியை நாலு மூலையும் சேர்த்து இறுக்கி முடிந்தாள். முடிந்த பானையை மாஸினின் கையில் வைத்தாள்.

"கப்பல் கரைய விட்டு நகந்தப்பறம் தின்னு," என்றாள். "ஆறிப்போயிடும், பரவால்ல."

சுமைகூலிகளில் ஒருவன் 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று முனகினான். பாபிகிர் இருந்த இடத்திலேயே, கருவாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் கத்துவார், தடுப்பார் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம், நான் உட்பட. அவர் செய்யவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டார், பதில் வந்துவிட்டது.

முத்திரைக்காரர் தாளையும் பாஸ்போர்ட்டையும் பார்த்தார், குத்தினார். மாஸின் கம்பிக் கதவைத் தாண்டினான். பாஸ்போர்ட் பிழைத்துவிட்டது, நாளைக்கு அஸ்வான், பட்டாளம் முடித்தால் மறுபடி ரோடு. நேற்று முழுக்க அதற்காகத்தான் துடித்தான். இப்போது அந்தச் சந்தோஷம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. மேல்தட்டில் ஏறி, வடக்கே பார்க்கும் பக்கத்தில் நல்ல இடம் காலியாக இருந்தும், கரையைப் பார்க்கும் பக்கம் நெருக்கியடித்துக்கொண்டு நின்றான்.

கடைசிச் சங்கு ஊதியது. தண்ணீர் விரிந்தது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே இருபது முழம் ஆகும்வரை பொறுத்திருந்து அவன் பானையை அவிழ்த்தான். கறி ஆறித்தான் போயிருந்தது, உப்பு போட மறந்திருந்தார்கள். ஒரு வாய் எடுத்து மென்றான். அதை விழுங்க அவனுக்கு வெகுநேரம் பிடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் கையை நீட்டினார்கள், எல்லாருக்கும் கொடுத்தான்.

கரையில் பாபிகிர் இன்னும் மண்ணில்தான் உட்கார்ந்திருந்தார். யாரோ அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். ஸித்தானா அவருக்குப் பக்கத்திலும் இல்லை, வண்டியிலும் இல்லை. மாஸின் தேடினான். துறைமுக வாசலில், கையில் ஒரு துணிமூட்டைகூட இல்லாமல், ஒரு சுமைகூலியிடம் நின்று என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டது அவனுக்குக் காதில் விழவில்லை, விழ வேண்டியதும் இல்லை. ஐந்து மாதமாக ஒவ்வொரு ஊர் வாசலிலும் அவன் கேட்ட கேள்விதான் அது. சுமைகூலி கையை நீட்டித் தெற்கே, அத்பரா லாரிகள் நிற்கும் பக்கம் காட்டினான். அவள் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.